பாமினி அரசின் முதல் சுல்தான்: ஹசனா, இஸ்மாயிலா?

மாதிரித் தேர்வில் "இஸ்மாயில் முக்" என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது என்கிறீர்கள். நீங்கள் படித்தது தவறில்லை, ஆனால் கேள்வி, தக்காணத்தில் இருந்த பாமினி அரசை நிறுவியவர் யார் என்பது. அதற்கு விடை அலாவுதீன் ஹசன் பாமன் ஷாதான்.

நடந்தது இது. டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் கெடுபிடிக்கு அஞ்சிய தக்காணத்து நூற்றுவர் தலைவர்கள் (அவருடைய உள்ளூர் அதிகாரிகள்) கலகம் செய்து தௌலதாபாத் கோட்டையைப் பிடித்தார்கள். தங்களில் மூத்தவரான இஸ்மாயில் முக்கை நாசிருதீன் ஷா என்ற பெயரில் சுல்தானாக்கினார்கள். துக்ளக் தானே படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டார். அந்த நேரம் பார்த்து குஜராத்தில் தாகி என்பவர் கலகம் செய்ய, துக்ளக் அங்கே ஓட வேண்டியதாயிற்று. கலகத் தலைவர்களில் ஒருவரான ஹசனுக்கு வழி திறந்தது இங்கேதான். அப்போது ஜாபர் கான் என்ற பட்டத்தோடு இருந்த அவர், துக்ளக்கின் தளபதி இமாத்-உல்-முல்க்கைப் போரில் வென்று தௌலதாபாத்துக்கு வந்தார். வயதான இஸ்மாயில் தானாகவே விலகிக்கொள்ள, 1347 ஆகஸ்ட் 3 அன்று ஹசன் முடிசூடினார். அப்புறம் குல்பர்காவைத் தலைநகராக்கினார்.

ஹசன் கங்கு என்ற பிராமணரிடம் வேலை பார்த்ததால் "பாமினி" என்ற பெயர் வந்தது என்ற கதையையும் கேட்டிருந்தீர்கள். அதை எழுதிய வரலாற்றாசிரியர் பெரிஷ்தா இரண்டரை நூற்றாண்டு பிந்தியவர். ஹசனின் காலத்திலேயே வாழ்ந்து வரலாறு எழுதிய இசாமி அப்படிச் சொல்லவில்லை. ஹசன் பாரசீக வீரன் பாமனின் வழிவந்தவர் என்பதே பாமினி சுல்தான்கள் கொண்டாடிய மரபு. தேர்வில் அதையே எழுதுங்கள்.