பிரெஞ்சு முறையில் ஆப்பிள் சைடரும் பிராந்தியும் சேர்த்து காக்டெயில் செய்வது எப்படி?

பிரான்ஸின் நோர்மாண்டிப் பகுதியில் உள்ள கான் நகரில் சில ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்காரப் பாட்டி ஊற்றித் தருவது கிர் நோர்மான். நீங்கள் கேட்பது அநேகமாக அதைத்தான்.

சைடர் என்றதும் ஆப்பிள் ஜூஸை நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கர்கள் புளிக்காத சாற்றையும் அப்படி அழைப்பதால் வரும் குழப்பம் அது. நோர்மாண்டி சைடர் புளிக்கவைத்தது; ஷாம்பெய்ன் போலத் தக்கையடைத்துக் கம்பி கட்டிய முக்கால் லிட்டர் பாட்டிலில் வரும். பிராந்தியும் திராட்சையில் செய்ததல்ல. சைடரைக் காய்ச்சி வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டுகள் ஊறவைத்த கால்வடோஸ். தாயையும் பிள்ளையையும் ஒரே கோப்பையில் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

உயரமான ஒல்லிக் கோப்பையில் 10 மி.லி. க்ரேம் த கசீஸ், அதன் மேல் 20 மி.லி. கால்வடோஸ். கசீஸ் என்பது பிளாக்கரண்ட் பழத்தில் செய்யும் இனிப்பு மது. பிறகு கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, நன்றாகக் குளிர்ந்த சைடரை 120 மி.லி. அளவுக்கு ஓரமாக வழியவிடுங்கள். அடியில் கருஞ்சிவப்பாகக் கிடக்கும் கசீஸ் நுரையோடு எழும்பித் தானாகவே கலந்துவிடும். கரண்டி வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். குமிழி போய்விட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. ஐஸும் போடாதீர்கள்.

கிர் என்ற பெயர் தீஜோன் நகர மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கிர்ரிடமிருந்து வந்தது. அந்த ஊரில் கசீஸை வெள்ளை வைனில் கலப்பார்கள். நோர்மாண்டி ஆப்பிள் சீமை, அதனால் வைனுக்குப் பதில் சைடர். கால்வடோஸ் சேர்க்காமலும் பலர் செய்கிறார்கள். பாட்டியைக் கேட்டால் அது குழந்தைகளுக்கான கிர்.

நான் முதன்முதலாகச் செய்தபோது கோட்டைவிட்டது சைடரில்தான். லேபிளில் 'தூ' என்றிருந்தால் இனிப்பு, 'ப்ரூட்' என்றிருந்தால் இனிப்பு குறைவு. இது தெரியாமல் 'தூ' வாங்கிவந்து, ஏற்கெனவே பாகு போலிருக்கும் கசீஸில் ஊற்றினேன். பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஜாம் நன்றாக வந்திருக்கிறது, ரொட்டி எங்கே?" என்று கேட்டார். ப்ரூட்தான் வாங்க வேண்டும்.

கால்வடோஸில் விலை உயர்ந்ததைத் தேடாதீர்கள். 6 ஆண்டுகளும் அதற்கு மேலும் பீப்பாயில் கிடந்ததில் மரவாசனையும் வெனிலா மணமும் முன்னே வந்து நிற்கும். அதைத் தனியாகக் குடிப்பதே மரியாதை. 2, 3 ஆண்டுச் சரக்கில்தான் ஆப்பிள் வாசனை தூக்கலாக இருக்கும். ஒன்று மட்டும்: குடிக்கும்போது ஜூஸ் போலத்தான் இறங்கும், உள்ளே 40 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தி இருப்பது இரண்டாவது கோப்பைக்குப் பிறகே தெரியும்.

திறந்த சைடர் மறுநாளே சப்பென்றாகிவிடும். பாட்டி அதைக் கொட்ட மாட்டார். கோழியை வெண்ணெயில் வதக்கி, மிச்சச் சைடரை ஊற்றி வேகவைத்து, கடைசியில் கிரீம் சேர்த்து இறக்குவார். அந்தக் கோழிக்காகவே நான் இப்போதும் பாட்டிலில் கால்வாசி மிச்சம் வைக்கிறேன்.