நீர்யானைக்குக் கருத்தடை செய்தால் ஆறு பிழைக்குமா?

கேள்வி: கொலம்பியாவின் மக்தலேனா ஆற்றுப்படுகையில் பெருகிவரும் நீர்யானைகள் பற்றிக் கல்லூரி இயற்கை மன்றத்தில் பேசவிருக்கிறேன். புல் தின்னும் விலங்கு ஆற்றைக் கெடுப்பது எப்படி? அதை எப்படி அளப்பது? தெருநாய்களுக்குச் செய்வதுபோல் கருத்தடை செய்தால் போதாதா?

பதில்: நீர்யானை மேய்வது கரையில், சாணம் போடுவது பெரும்பாலும் தண்ணீரில். வளர்ந்த விலங்கு ஒன்று இரவில் சுமார் 40 கிலோ புல் மேய்ந்துவிட்டுப் பகலெல்லாம் மடுவில் கிடக்கும். சாணத்திலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரமாகும். சாணத்தை மட்கவைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். கென்யாவின் மாரா ஆற்றில் 4,000-க்கும் மேற்பட்ட நீர்யானைகள் நாளொன்றுக்குச் சுமார் 8,500 கிலோ அரைகுறையாகச் செரித்த புல்லைச் சேர்க்கின்றன. மடுவின் அடியில் தேங்கியதை வெள்ளம் கிளப்பிவிடும்போது கீழ்ப்பகுதியில் மீன்கள் செத்து மிதந்திருக்கின்றன. நீர்யானை காலங்காலமாக வாழும் ஆற்றிலேயே இந்த நிலை. மக்தலேனாவின் மனாட்டி (ஆற்றில் வாழும் கடற்பசு இனம்), நீர்நாய், ஆற்றாமை, போகாச்சிக்கோ மீன் எவற்றுக்கும் இந்தச் சுமை பழக்கமில்லை.

அழிந்துபோன பேருயிர்களின் இடத்தை நீர்யானை நிரப்புகிறது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அவை மறைந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டதால், அந்த வாதத்தை நாங்கள் ஏற்பதில்லை.

அளப்பதற்கு, நீர்யானை உள்ள குளம் ஒன்று, இல்லாத குளம் ஒன்று என ஆழமும் பரப்பும் ஒத்த இரண்டை எடுங்கள். பலர் கோட்டைவிடுவது நேரத்தில்தான். நண்பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்வதால் மேல்மட்டத்தில் ஆக்சிஜன் தாராளமாகவே காட்டும். விடியுமுன், மேலேயும் அடியிலும் அளக்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பல மீன்கள் திணறும். 2-க்குக் கீழே பெரும்பாலானவை தாங்காது. கொலம்பியக் குளங்களை இப்படி ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், நீர்யானை உள்ள குளங்களில் நீலப்பச்சைப்பாசி கூடுதலாக இருந்தது.

தெருநாய்க் கணக்கு இங்கே செல்லாது. ஆண் நீர்யானையின் விரைகள் உடலுக்குள் இருக்கும். அறுவையின்போது இன்னும் உள்ளே நழுவும். மயக்க ஊசி பட்ட விலங்கு தண்ணீருக்குள் ஓடினால் மூழ்கிச் சாகும். அதனால் தீனி வைத்துப் பழக்கி, கரையிலுள்ள பட்டியில் அடைத்த பிறகே ஊசி போடுகிறார்கள். அறுவை பல மணிநேரம் இழுக்கும். ஆண்களுக்கு மட்டும் செய்து பயனில்லை. தப்பிய ஓர் ஆண் போதும், பல பெண்கள் சினையாகிவிடும்.

1980-களில் போதைப்பொருள் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபர் கொண்டுவந்த 4 நீர்யானைகளின் வழிவந்தவை, 2023-இல் வெளியான மதிப்பீட்டின்படி 181 முதல் 215 வரை. கருத்தடை செய்த நீர்யானையும் 40 ஆண்டு வாழ்ந்து, அத்தனை நாளும் தண்ணீரில் சாணம் போடும். ஆகவே கருத்தடை பெருக்கத்தைத்தான் தடுக்கும், ஆற்றின் சுமை குறைய விலங்குகளை அங்கிருந்து அகற்றியே ஆகவேண்டும். 2023 நவம்பரில் கொலம்பிய அரசு அறிவித்த திட்டத்தில் கருத்தடையோடு வெளிநாட்டுக்கு அனுப்புவதும் கருணைக்கொலையும் இடம்பெற்றது இதனால்தான். 2009-இல் பெப்பே என்ற ஆண் நீர்யானை சுடப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் வேட்டை நின்றது. அப்போது அவற்றின் எண்ணிக்கை இன்றிருப்பதில் ஒரு சிறு பங்குதான்.