கடை முகவரிக்கு வரும் பார்சல்

கேள்வி: எனக்கு 44 வயது. இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளின் தோல் ஜாக்கெட்டுகளைச் சேகரிக்கிறேன். அமெரிக்க ஏ-2 இரண்டும், பிரிட்டிஷ் விமானிகள் அணிந்த இர்வின் ஆட்டுத்தோல் ஜாக்கெட் ஒன்றும் இருக்கின்றன. மழைக்காலத்தில் பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? என் மனைவிக்கு இவற்றின் அருமை புரியவில்லை. 'செத்தவன் சட்டை' என்கிறாள். சண்டை வேண்டாமென்று பார்சல்களை அவள் தம்பியின் கடை முகவரிக்கு வரவழைக்கிறேன். இப்போதும் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: எண்ணெய் தடவாதீர்கள். பழந்தோல் கறுத்துத் தொய்ந்துபோகும், பூஞ்சைக்கும் அது தீனி. பிளாஸ்டிக் உறை இருந்தால் கழற்றி எறியுங்கள். தோள் அகன்ற ஹேங்கரில் மாட்டி, வெள்ளைப் பருத்தித் துணி போர்த்தி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூட்டிய பீரோ ஆகவே ஆகாது.

தோலுக்கு அவ்வளவுதான் வைத்தியம். நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன மைத்துனரிடம் வருகிறேன்.

அவர் யார்? உங்கள் பிள்ளைகளின் தாய்மாமன். மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டியவர், நாளைக்குச் சீர்வரிசையோடு உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டியவர். அவரைப் போய்க் கூடப்பிறந்த அக்காளிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? அத்தான் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. அக்காள் உங்களோடு வாழ்கிறாள் என்பதற்காகவே வாயை மூடிக்கொள்வார். அது தெரிந்துதான் அவர் கடையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். கணவனோடு மனத்தாங்கல் வந்தால் ஒரு பெண் போய் நிற்கிற இடம் பிறந்த வீடு. அங்கேயும் உங்கள் ஆளை உட்காரவைத்துவிட்டீர்கள். விஷயம் வெளியே வரும்போது உங்கள் மேல் வரும் கோபம் ஆறிவிடும். தம்பி மேல் வருவது ஆறாது.

வாங்கும்போது எவ்வளவு கறாராக இருப்பீர்கள்! ஏ-2 ஜாக்கெட்டை அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு ஏற்றது 1931-இல். 1943-இல் கொள்முதலை நிறுத்தினார்கள். பிறகு தைத்த நகல்கள் ஏராளம். அதனால் கழுத்துக்குக் கீழே தைத்த சீட்டில் ஒப்பந்த எண் இருக்கிறதா, ஜிப் அசலா, மணிக்கட்டுப் பின்னல் மாற்றியதா என்று விற்பவரைக் குடைகிறீர்கள். யார் கையிலிருந்து வந்தது என்று சொல்லத் தயங்குபவரிடம் வாங்கவும் மாட்டீர்கள். உங்கள் மனைவி மட்டும் எதையும் கேட்கக் கூடாதா?

அருமை புரியவில்லையாம். விலையையே மறைத்துவிட்டு அருமையை எப்படிப் புரியவைப்பீர்கள்? 'செத்தவன் சட்டை' என்றதிலும் தப்பில்லை. பாபநாசத்தில் பழந்துணியை ஆற்றோடு விட்டுவிட்டு வருகிற சீமை இது. குற்றாலச் சாரலில்கூடப் போட முடியாத கனத்த ஆட்டுத்தோலைப் பீரோவில் வைத்திருந்தால் கேட்கத்தான் செய்வாள்.

ரசீதுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மைத்துனரை வீட்டுக்கு அழைத்து, அவர் முன்னிலையில் மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். 'நான்தான் அவனை மறைக்கச் சொன்னேன்' என்பதை உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள். ஒன்றை விற்கச் சொன்னால் விற்றுவிடுங்கள், எது என்பதை அவளே சொல்லட்டும். வழியிலிருக்கும் பார்சலை வீட்டு முகவரிக்கு மாற்ற முடியுமா என்று இன்றைக்கே விசாரியுங்கள். முடியாதென்றால், அது வந்து சேருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.