எதிர் வீட்டில் விரிக்கும் பாய்

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வந்து, கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் மூன்று ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் கறுப்பினக் குடும்பங்கள். எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். என் மகளுக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டபோது தன் காரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர். டிசம்பர் 26 முதல் ஏழு நாளும் ஆளுக்கொரு வீட்டில் கூடிக் குவான்சா என்னும் கறுப்பின மக்களின் பண்டிகையைக் கொண்டாடுவது தெருவின் வழக்கம். இந்த ஆண்டு எங்களையும் அழைத்திருக்கிறார். 31-ஆம் தேதி விருந்துக்கு வரச் சொன்னதோடு, 28-ஆம் தேதி மாலையை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். விருந்தன்று என் எட்டு வயது மகள் ஏதாவது செய்துகாட்ட வேண்டுமாம்.

கணவர் தயங்குகிறார். "1966-இல் ஒரு பேராசிரியர் உண்டாக்கிய பண்டிகை. அதில் நமக்கென்ன வேலை?" என்கிறார். அந்தப் பேராசிரியர் சிறை சென்றவர் என்றும் படித்தாராம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்குக் கறுப்பு மெழுகுவத்தி என்றதுமே மனம் ஒப்பவில்லை. நாங்கள் சைவம். போகலாமா? நம் பொங்கல் போலத்தான் இதுவும் என்று சொல்லிக் கணவரைச் சம்மதிக்க வைக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓக்லாந்து

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். நான்கு பேரும் போங்கள். மாமியாரை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அங்கே நடப்பது உங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் சீக்கிரம் புரியும். ஏன் என்று சொல்கிறேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன் என் மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்சியில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டார் என்னை இப்படித்தான் ஒரு மாலை அழைத்தார்கள். கூடத்தில் தாழ்வான மேசை, அதன்மேல் கோரைப் பாய். ம்கேகா என்பது அதன் பெயர். பாயின்மேல் ஏழு மெழுகுவத்திகள் செருகிய மரத் தண்டு, கினாரா. நடுவில் கறுப்பு, இடப்பக்கம் மூன்று சிவப்பு, வலப்பக்கம் மூன்று பச்சை. பக்கத்தில் பழங்கள், காய்கள், மக்காச்சோளக் கதிர்கள். வீட்டில் எத்தனை குழந்தைகளோ அத்தனை கதிர் வைப்பார்கள். குழந்தையே இல்லாத வீட்டிலும் ஒரு கதிராவது இருக்கும். ஊரில் பிறக்கும் குழந்தை எல்லோருக்கும் பிள்ளைதான் என்று விளக்கம் சொன்னார்கள்.

அந்த வீட்டின் மூத்தவர் ஒரு மரக் கோப்பையில் தண்ணீர் எடுத்து, ஜன்னலோரச் செடித் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கூடியிருந்தவர்களில் ஒருவர் தங்கள் முன்னோர் ஒருவரின் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் "ஆஷே", அதாவது அப்படியே ஆகட்டும், என்று சேர்ந்து சொன்னார்கள். அப்பா பெயர், பாட்டி பெயர், பள்ளிக்கூட ஆசிரியர் பெயர் என்று வரிசையாக வந்தன. எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாளின் முறை வந்தபோது, "என் பாட்டியின் பாட்டி" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பெயர் வரவில்லை. மூத்தவரும் கேட்கவில்லை. தண்ணீரை மட்டும் மற்றவர்களுக்கு ஊற்றியதைவிடச் சற்றே கூடுதலாக ஊற்றினார்.

மறந்துபோய்விட்டார் போலும் என்று நான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவின் 1850, 1860-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன்கீழே வயது, பால், நிறம் இருக்கும். அடிமைப்பட்டவரின் பெயர் அநேகமாக எங்குமே இருக்காது. அடிமைமுறை ஒழிந்தபின் நடந்த 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் பெருவாரியான கறுப்பின மக்கள் முதன்முதலாகத் தங்கள் பெயரோடு பதிவானார்கள். குடும்ப வரலாற்றைத் தேடிப்போகும் அவர்களில் பலர் அந்த ஆண்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதற்கு முன்னே சுவர்தான்.

உங்கள் மாமியாருக்கு இதை அப்படியே சொல்லுங்கள். அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் இறைத்து மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லும் வழக்கம் உள்ள ஊரிலிருந்து வந்தவர் அவர். பெயர் தெரியாமல் தண்ணீர் விட வேண்டிவந்தால் எப்படி இருக்கும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கறுப்பு மெழுகுவத்தியைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். அந்தக் கறுப்பு அவர்களுடைய மக்களைக் குறிக்கிறது. சிவப்பு அவர்கள் பட்ட பாட்டையும், பச்சை இனி வரப்போகும் நல்ல காலத்தையும் குறிக்கின்றன. முதல் நாள் ஏற்றுவது கறுப்பைத்தான். அங்கே அதுதான் மங்கலம்.

இப்போது உங்கள் கணவருக்கு வருகிறேன். அவர் சொன்ன ஆண்டு சரி. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில், காரை மறித்து ஓர் இளைஞரைப் போலீஸ் கைது செய்ததில் தொடங்கிய கொந்தளிப்பு ஆறு நாள் நீடித்து 34 உயிர்களைக் கொண்டுபோனது. அந்தச் சாம்பல் ஆறுமுன் அடுத்த ஆண்டே, அதே நகரத்தில் மவுலானா கரேங்கா இந்தப் பண்டிகைக்கு உருக்கொடுத்தார். "மதுண்டா யா குவான்சா" என்றால் சுவாஹிலி மொழியில் முதற்கனிகள். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நடக்கும் அறுவடை விழாக்களிலிருந்து எடுத்துக் கோத்த மாலை இது. விழாவில் பங்கெடுத்த ஏழு குழந்தைகளுக்கு ஆளுக்கோர் எழுத்து கிடைக்கட்டும் என்று ஆங்கில எழுத்துக்கூட்டலில் கூடுதலாக ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

உண்டாக்கிய பண்டிகை என்பது உண்மைதான். உண்டாக்கவேண்டி வந்தது ஏன் என்பதையும் உங்கள் கணவர் யோசிக்க வேண்டும். கப்பலில் ஏற்றப்பட்டபோது மொழி போனது, பெயர் போனது, விதைக்கும் பட்டமும் அறுக்கும் நாளும் போயின. பாட்டனிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பண்டிகை இல்லாதவர்கள் தாங்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள். நம் பண்டிகைகளையும் யாரோ ஒருவர் எப்போதோ ஒருநாள் முதன்முதலாகக் கொண்டாடியிருக்கத்தானே வேண்டும்?

பேராசிரியர் பற்றி அவர் படித்ததும் உண்மையே. தம் அமைப்பைச் சேர்ந்த பெண்களைத் துன்புறுத்திய வழக்கில் கரேங்கா 1971-இல் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார். குற்றத்தை அவர் மறுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். நான் அதை மூடிமறைக்க மாட்டேன், நீங்களும் வேண்டாம். ஆனால் உங்கள் எதிர் வீட்டு ஆசிரியை மெழுகுவத்தி ஏற்றுவது அவருடைய நினைவாக அல்ல. எத்தனையோ தாய்மார்களும் ஆசிரியைகளும் தங்கள் வீட்டுக் கூடங்களில் நடத்தி நடத்தித் தங்களுடையதாக்கிக்கொண்ட பண்டிகை அது.

பொங்கல் போல என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டாம் என்பேன். முதல் விளைச்சலுக்கு நன்றி சொல்வது இரண்டிலும் உண்டு, ஒப்புமை பொய்யில்லை. ஆனால் வாசற்படி ஏறியதும் "இது எங்களிடமும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால், அதற்குப்பின் கேட்பதற்கு நம் காது திறக்காது. பொங்கலில் நம் நிலத்தின் நெல் பொங்குகிறது. அவர்கள் மேசைமேல் வைக்கும் கதிரோ, தங்களுக்குச் சொந்தமில்லாத நிலத்தில் கூலியின்றி உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வைக்கும் கதிர். அந்த வேறுபாட்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஒப்புமையை அவர்களாகவே கண்டு சொன்னால், அப்போது மகிழ்ச்சியாகப் பேசுங்கள்.

கணவரிடம் சொல்வதற்கு இதைவிட நெருக்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. 1946-இலிருந்து ஆண்டுக்கு 100 இந்தியர்கள்தான் அமெரிக்காவில் குடியேறலாம் என்று அளவு வைத்திருந்தார்கள். கறுப்பின மக்கள் அடிபட்டும் சிறைப்பட்டும் நடத்திய போராட்டம் 1964-இல் குடிமை உரிமைகள் சட்டத்தையும் 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டத்தையும் பெற்றது. அதே அலையில்தான், பிறந்த நாட்டை வைத்து ஆளை ஒதுக்கிய பழைய முறையை நீக்கிய குடியேற்றச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் 1965 அக்டோபர் 3-ஆம் தேதி கையெழுத்திட்டார். நம்மவர்கள் பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கியது அதன்பிறகு. "அதில் நமக்கென்ன வேலை" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

28-ஆம் தேதியை ஒப்புக்கொள்ளுங்கள். வீட்டைத் திறந்துவிடுங்கள், சடங்கை அவரிடம் விட்டுவிடுங்கள். பாயையும் கினாராவையும் அவரே கொண்டுவரட்டும். கடையில் புதிதாக ஒன்று வாங்கி நீங்களே ஏற்ற முற்படாதீர்கள். பழம், தண்ணீர், உட்கார இடம் ஆகியவை உங்கள் பொறுப்பு. மக்காச்சோளக் கதிர் உங்கள் மகள் கையால் வைக்கப்படட்டும். வருகிறவர்கள் "ஹபாரி கானி?" என்று கேட்பார்கள். என்ன சேதி என்று பொருள். அன்றைய நாளின் கொள்கையைப் பதிலாகச் சொல்லவேண்டும். முதல் நாள் உமோஜா, அதாவது ஒற்றுமை. உங்கள் வீட்டுக்கு வருவது மூன்றாம் நாள் என்பதால் "உஜிமா" என்று சொல்லுங்கள். கூட்டு உழைப்பும் பொறுப்பும் என்பது அதன் பொருள். அண்டை வீட்டார் துன்பத்தைத் தன் துன்பமாக எடுத்துக்கொண்டு சேர்ந்து தீர்ப்பது. உங்களிடம் ஏன் அந்த நாளைத் தந்தார் என்று யோசித்தீர்களா? மகளுக்குக் காய்ச்சல் கண்ட அந்த இரவை அன்று எல்லோர் முன்னிலும் சொல்லுங்கள். அதைவிடப் பொருத்தமான பேச்சு அந்த மாலைக்குக் கிடையாது.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். கீரையிலும் பயறிலும்கூடப் புகையிட்ட இறைச்சி போட்டுச் சமைப்பது அங்கே வழக்கம். சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. நீங்கள் தட்டைப்பயறுச் சுண்டல் செய்து எடுத்துப்போங்கள். காராமணி என்றும் சொல்கிறோமே, அதேதான். அது ஆப்பிரிக்காவில் பயிரான பயறு. அங்கிருந்து ஒரு திசையில் நம் ஊருக்கும், அடிமைக் கப்பல்களின் காலத்தில் இன்னொரு திசையில் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் விருந்தில் அது எப்படியும் இருக்கும். தேங்காயும் கடுகும் தாளித்த உங்கள் பாத்திரம் அதன் பக்கத்தில் உட்காரட்டும்.

பரிசு பெரும்பாலும் குழந்தைகளுக்குத்தான். அதில் ஒரு புத்தகம் இருக்கவேண்டும் என்பது மரபு. நான்காம் நாளின் கொள்கை உஜாமா, தங்கள் மக்களின் கடைகளையும் தொழில்களையும் தாங்களே தாங்கிப்பிடிப்பது. எனவே புத்தகத்தை இணையத்தில் தருவிக்காதீர்கள். உங்கள் ஓக்லாந்திலேயே மார்கஸ் புக்ஸ் இருக்கிறது. 1960-இல் ஒரு கறுப்பினத் தம்பதி தொடங்கிய கடையின் வழியில் வருவது. மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். உடைக்கு, உங்கள் புடவை போதும். ஆப்பிரிக்கத் துணி வாங்கி உடுத்திக்கொண்டு போனால் விருந்தினர் வேடம் போட்டதுபோல் ஆகிவிடும்.

31-ஆம் தேதியின் சொல் கூம்பா, படைப்பாற்றல். நாம் பெற்றபோது இருந்ததைவிட நம் இடத்தை அழகாக்கிவிட்டுப் போவது என்று அதை விளக்குவார்கள். அன்று நமக்கு மார்கழி. சொந்த ஊரில் இருந்திருந்தால் உங்கள் மகள் விடியற்காலையில் பாட்டியோடு வாசலில் குந்தியிருப்பாள். விருந்து நடக்கும் வீட்டாரிடம் முன்னதாகவே அனுமதி கேளுங்கள். அனுமதித்தால் பாட்டி புள்ளி வைக்கட்டும், பேத்தி இழுக்கட்டும். மேடை ஏறி ஆடுவதைவிட இது நல்லது. வருகிற குழந்தைகளும் குனிந்து ஆளுக்கோர் இழை இழுக்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், கறுப்பின மக்களைப் பற்றி நம் வீட்டுக்குள் பேசும் பேச்சு இருக்கிறதே, நிறம், பயம், "அந்த ஏரியா" என்றெல்லாம், அதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் மகளுக்குத் தமிழ் புரியும். அவள்தான் பாயின் பக்கத்தில் உட்கார்ந்து கதிரை வைக்கப்போகிறவள்.

ஜனவரி முதல் தேதி இமானியோடு, அதாவது நம்பிக்கையோடு, ஏழு நாளும் முடியும். இரண்டே வாரத்தில் தை பிறந்துவிடும். கினாராவைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போதே பொங்கலுக்கு அழைத்துவிட்டு வாருங்கள். பானை பொங்குவதற்குச் சற்று முன்னதாகவே வரச் சொல்லுங்கள். முதல் கைப்பிடி அரிசியை அவர் போடட்டும்.