போர்டு பழுதா, கேபிள் பழுதா?

கேள்வி: இன்ஜினியரிங் படிக்கும் மகளின் புராஜெக்டுக்காகப் பத்து நாள் முன்பு, எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் டைப்-சி வைத்த ஆர்டுயினோ நானோ போர்டு (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்ன சர்க்யூட் போர்டு) வாங்கினேன். கம்ப்யூட்டரில் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் போர்டோடு கம்ப்யூட்டர் பேசும் வழியான காம் போர்ட் வரவில்லை. புரோகிராம் ஏற்ற முடியவில்லை. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறார்கள். டூப்ளிகேட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: கடைக்குக் கிளம்பும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். விளக்கு எரிவதால் மின்சாரம் போகிறது என்று மட்டும்தான் தெரியும். டிரிம்மர், ப்ளூடூத் ஸ்பீக்கர் போன்றவற்றோடு வரும் கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டுமே இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. அதே கேபிளில் உங்கள் போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பாருங்கள். போனில் உள்ள படங்கள் கம்ப்யூட்டரில் தெரிந்தால் கேபிள் நல்லது.

கேபிள் சரி என்றால் அடுத்தது டிரைவர், அதாவது போர்டைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் மென்பொருள். விலை குறைந்த நானோக்களில் யூஎஸ்பி வேலையைப் பெரும்பாலும் சிஎச்340 என்ற சிப் பார்க்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு போர்டைச் செருகுங்கள். மஞ்சள் குறியோடு ஏதாவது வந்தால் சிஎச்340 டிரைவரை நிறுவ வேண்டும். நல்ல கேபிளில், இரண்டு கம்ப்யூட்டரில் செருகியும் எதுவுமே வராவிட்டால் போர்டு பழுதுதான்.

காம் போர்ட் வந்த பிறகும் "நாட் இன் சின்க்" என்று பிழை காட்டலாம். இதைப் பார்த்ததும் போர்டு செத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள், பாவம். புரோகிராம் ஏற்றும் ஆர்டுயினோ மென்பொருளின் டூல்ஸ் மெனுவில் புராசசர் என்ற இடத்தில் "ஓல்டு பூட்லோடர்" என்பதைத் தேர்வு செய்து மறுபடி ஏற்றுங்கள். பூட்லோடர் என்பது, நாம் அனுப்பும் புரோகிராமை வாங்கிக்கொள்ள போர்டுக்குள்ளேயே இருக்கும் சின்ன புரோகிராம். கம்ப்யூட்டரோடு பழைய பூட்லோடர் 57,600 பாட் வேகத்திலும், புதியது 1,15,200 பாட் வேகத்திலும் பேசும். மலிவு நானோக்கள் பலவற்றில் இன்னும் பழையதுதான் இருக்கிறது.

முதலில் ஏற்ற, போர்டின் விளக்கை மின்ன வைக்கும் 'பிளிங்க்' என்ற மாதிரி புரோகிராம் போதும். ஆனால் பல போர்டுகள் கடையிலிருந்து வரும்போதே பிளிங்க் ஓடிக்கொண்டுதான் வரும். அதனால் மின்னும் இடைவெளியைக் குறிக்கும் டிலே 1000 என்பதை இரண்டு இடத்திலும் 200 ஆக்கி ஏற்றுங்கள். 'எல்' விளக்கு வேகமாக மின்னினால் மகளின் புரோகிராம் உள்ளே போய்விட்டது.

டூப்ளிகேட்டா என்று கேட்டீர்கள். ஆர்டுயினோவின் வரைபடம் திறந்த வடிவமைப்பு. அதைப் பார்த்து யாரும் போர்டு செய்து விற்கலாம், அதில் தவறில்லை. ஆர்டுயினோ என்ற பெயரையும் சின்னத்தையும் அனுமதி இல்லாமல் அச்சடித்தாலோ, ஒரிஜினல் என்று சொல்லி ஒரிஜினல் விலை வாங்கினாலோதான் அது மோசடி. நகல் போர்டை நகல் என்று சொல்லி விற்றிருந்தால் கடைக்காரர்மேல் கோபப்பட வேண்டாம். படிக்கும் பிள்ளைகளுக்கு அது தாராளமாகப் போதும்.

சரி, எல்லாம் பார்த்தும் போர்டு பழுது என்றே தெரிந்தால்? பில்லில் அச்சடித்த வரியைப் பார்த்துத் தயங்காதீர்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. உங்களுக்குப் பத்து நாள்தான் ஆகியிருக்கிறது. பில்லையும், போர்டைச் செருகும்போது எடுத்த வீடியோவையும் கொண்டுபோய்ப் பொறுமையாகக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

அப்புறம் ஒன்று. நானோவோடு வரும் பின்கள் பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கும். பிளிங்க் ஓடிப் பார்க்கும்வரை அவற்றைச் சால்டர் செய்ய வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். ஈயம் பட்ட போர்டைக் கொண்டுபோனால், "நீங்கள்தான் சூடு காட்டிக் கெடுத்துவிட்டீர்கள்" என்று கடையில் சொல்ல வழி கிடைத்துவிடும்.