வாசகர் கேள்விகள்: கென்யாவின் மாடும் நம் மலையும்

கேள்வி: என் தங்கை மகன் நைரோபியில் வேலை பார்க்கிறான். "பெரியம்மா, இங்கேயும் நம் ஊர் மாதிரியே மலை, தேயிலை, குளிர். ஆனால் வீட்டுக்கு வீடு கறவை மாடு நிற்கிறது" என்கிறான். எங்கள் ஊரில் மாட்டை விற்றுவிட்டுப் பாக்கெட் பால் வாங்குகிறோம். அந்த நாட்டுக்கு மாடு அவ்வளவு முக்கியமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முக்கியம்தான் அம்மா. கென்யாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 12 சதவீதம் கால்நடையிலிருந்து வருகிறது. அதைவிடப் பெரிய விஷயம், அங்கே கறக்கும் பாலில் ஏறக்குறைய 80 சதவீதம் சிறு விவசாயிகளுடையது. கியாம்பு, நியேரி போன்ற மலைப் பகுதிகளில் ஒன்றிரண்டு ஏக்கரில் கொஞ்சம் தேயிலையோ காப்பியோ, கொஞ்சம் மக்காச்சோளம், கொட்டகையில் இரண்டு மூன்று பிரீசியன் அல்லது அயர்ஷயர் கலப்பு மாடுகள், வரப்பு ஓரமெல்லாம் நேப்பியர் புல். மாட்டை மேய விடுவதில்லை, புல்லை அறுத்து வந்து போடுகிறார்கள். அந்தப் புல் சரிவில் மண்ணையும் பிடித்துக்கொள்கிறது, சாணம் திரும்பத் தேயிலைக்கே போகிறது. தேயிலைப் பணம் மாதம் ஒரு முறை, போனஸ் வருடத்துக்கு ஒரு முறை. இடையில் வரும் அரிசி, பஸ், மருந்துச் செலவுக்குக் கை கொடுப்பது பால்தான். பாலில் பெரும்பகுதி பக்கத்து வீட்டுக்கும் டீக்கடைக்கும் பச்சைப் பாலாகவே போய்விடும். கென்யர்கள் நம்மைப் போலவே பால் ஊற்றித்தான் டீ குடிப்பார்கள், வாங்க ஆள் இல்லை என்ற பேச்சே இல்லை.

இது சும்மா வந்துவிடவில்லை. 1925-ல் தொடங்கிய கென்யா கூட்டுறவு பால் நிறுவனம் வெள்ளைக்காரப் பண்ணையாளர்களுக்கானது. 1954-ல் ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்த ஸ்வின்னர்டன் என்ற விவசாயத் திட்டத்துக்குப் பிறகுதான் ஆப்பிரிக்க விவசாயிகள் பணப்பயிரிலும் உயர் ரகக் கறவை மாட்டிலும் பரவலாக இறங்க முடிந்தது. அப்புறம் அந்த நிறுவனமே 1990-களில் நொடித்து, பால் ஊற்றியவர்களுக்குப் பணம் நிலுவையில் நின்றது. 2003-ல் அரசு அதை மீண்டும் எடுத்து நடத்தத் தொடங்கியது. பெரிய நிறுவனம் விழுந்த அந்த வருடங்களிலும் சிறு விவசாயி மாட்டை விற்கவில்லை, ஏனென்றால் தீவனம் சொந்த வரப்பில் இருந்தது, வாங்குபவர் நடந்து போகிற தூரத்தில் இருந்தார். நம் ஊர்களில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கைநழுவியதுதான் எனக்கு வருத்தம். எருவைக்கூடச் சமவெளியிலிருந்து லாரியில் ஏற்றி வர வேண்டியிருக்கிறது. உங்களிடம் இன்னும் இடம் இருந்தால் மாடு வாங்குவதற்கு முன் புல்லை நடுங்கள், பாலை யார் தினமும் வாங்குவார்கள் என்று பேசி வையுங்கள். கடன் வாங்கி மாட்டை முதலில் ஓட்டி வருவதுதான் ஆபத்து.

கேள்வி: கென்யாவில் பால் ஓடுகிறது என்கிறீர்கள். வறட்சியில் மாடுகள் செத்துக் கிடக்கும் படங்களும் அதே நாட்டிலிருந்துதானே வருகின்றன?
- ஒரு வாசகர், மன்னவனூர்

பதில்: இரண்டும் உண்மை. மழை பெய்யும் மலைப்பகுதி சிறியது, நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதம் வறண்ட, அரை வறண்ட பூமி. வடக்கே துர்க்கானா, மார்சபிட், வஜீர் பக்கமெல்லாம் மேய்ச்சல் சமூகங்கள்தான், ஒட்டகம், ஆடு, நாட்டு மாடு என்று ஓட்டிக்கொண்டு புல்லும் தண்ணீரும் தேடிப் போவார்கள். பள்ளிக் கட்டணம் என்றால் ஓர் ஆடு விற்பார்கள், அதுதான் அவர்கள் வங்கி. 2020 கடைசியிலிருந்து தொடர்ந்து ஐந்து பருவமழை பொய்த்தபோது கென்யாவில் மட்டும் 25 லட்சம் கால்நடைகளுக்கு மேல் செத்தன. அந்த வங்கியே காலியானது என்றுதான் அர்த்தம். மாடு மெலிந்தால் விலை விழும், விலை விழுவதால் விற்க மனம் வராது, காத்திருக்கும்போது மாடு செத்துப் போகும்.

இதற்காக நைரோபியில் உள்ள சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று 2010-ல் மார்சபிட்டில் ஒரு காப்பீடு தொடங்கியது. செத்த மாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. செயற்கைக்கோள் படத்தில் மேய்ச்சல் நிலத்தின் பசுமை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம் வரும். அலைந்து திரியும் மந்தையை எந்த அதிகாரி போய் எண்ணுவார், சொல்லுங்கள். ஒரு குறை உண்டு, படத்தில் பச்சையாகத் தெரிகிற இடத்திலும் ஒருவர் மாடு நோயில் சாகலாம், அவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் யோசனை நல்ல யோசனை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ஊட்டிப் பக்கம் தரையோடு படரும் கிக்கூயூ புல் அங்கிருந்து வந்ததா? மாட்டுக்குக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், மஞ்சூர்

பதில்: ஆமாம், கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதிதான் அதன் சொந்த ஊர். நல்ல மேய்ச்சல் புல், தாராளமாகக் கொடுக்கலாம். உறைபனி விழும் இடத்தில் நேப்பியர் கருகிவிடும், கிக்கூயூவும் கொஞ்சம் வாடினாலும் வெயில் வந்ததும் தழைத்துக்கொள்ளும். ஆனால் சோலையை ஒட்டிய புல்வெளியில் புகுந்தால் நம் நாட்டுப் புற்களை மூடிவிடும், அதனால் உங்கள் பட்டாவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.