மூஸ் ஜோவுக்கு வரும் தம்பிக்கு, நவம்பர் 11 பற்றி

தம்பி, மூஸ் ஜோவில் வேலை கிடைத்திருக்கிறது, வாடகை எவ்வளவு, குளிர் தாங்கலாமா, நவம்பர் 11 லீவுக்கு ரொறன்ரோ போய் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள், குளிருக்கு நல்ல சப்பாத்தும் ஜக்கெட்டும் இருந்தால் சரி. கடைசிக் கேள்விக்குத்தான் நான் எழுத வந்தேன். போகாதீர்கள்.

நவம்பர் 11 முதல் உலகப்போர் நின்ற நாள், போரில் இறந்த வீரர்களை நினைக்கிற நினைவு தினம். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோவில் அன்று பொது விடுமுறை கிடையாது. மூஸ் ஜோ இருக்கிற சஸ்காச்சுவானில் உண்டு. கிடைத்த லீவில் ஊர் சுற்றிவிட்டு, "அது வெள்ளைக்காரன்ர சண்டை, எங்களுக்கென்ன" என்று சொல்கிற நம்மவர்களோடு நான் நிறைய வாக்குவாதப்பட்டிருக்கிறேன்.

ஜோர்ஜ் லோரன்ஸ் பிரைஸ் என்ற பெடியனைப் பற்றித் தெரிந்துகொண்டு வாருங்கள். 1892இல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, அங்கே போர்ட் வில்லியம்ஸ் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவன். கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து இவ்வளவு தூரம் மூஸ் ஜோவுக்கு வந்து குடியேறினான், அதாவது அவனும் நம்மைப்போல இந்த ஊருக்கு வந்தவன்தான். 1917 அக்டோபரில் கட்டாய ஆட்சேர்ப்பில் எடுத்து கனடிய இராணுவத்தின் 28ஆம் பட்டாலியனில் போட்டார்கள். 1918 நவம்பர் 11 காலையில் பெல்ஜியத்தில், மோன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தான். விடியுமுன்னமே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, 11 மணிக்குச் சண்டை நிற்பதாக முடிவாகியிருந்தது. அப்படியிருந்தும் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி வில்-சூர்-ஏன் கிராமத்து வீடுகளில் ஜெர்மன்காரர் இருக்கிறார்களா என்று பார்க்கப் போன சிலரில் அவனும் ஒருவன். தெருவுக்கு வந்தபோது மறைந்திருந்து சுட்டவனின் குண்டு நெஞ்சில் பாய்ந்தது. 10:58க்கு உயிர் போனது என்கிறார்கள், இன்னும் இரண்டே நிமிடம்! வயது 25. 60,000க்கும் மேற்பட்ட கனடியர்களைக் கொண்டுபோன அந்தப் போரில் களத்தில் கடைசியாக விழுந்த கனடியன் அவன்தான் என்று கருதப்படுகிறது. செயின்ட் சிம்ஃபோரியன் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறான். அந்தக் கிராமத்துக் கால்வாயில் ஒரு நடைபாலத்துக்கு அவன் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் என்னோடு கிடங்கில் வேலை செய்த ஒரு வயதானவர். வந்த புதிதில் நான் அங்கே பெட்டி அடுக்கினேன், பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், மத்தியானம் தனியே இருந்துதான் சாப்பிடுவேன். அந்த நவம்பரில் விடுமுறைக்கு முதல் நாள், காலை 11 மணிக்கு எல்லா மெஷினும் ஒரேயடியாக நின்றது, ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு அசையாமல் நின்றார்கள். சண்டைக்குள்ளிருந்து வந்தவனுக்குத் திடீர் அமைதி என்றால் வயிறு கலங்கும், ஆனாலும் நானும் நின்றேன். மத்தியானம் அந்த மனிதர் என் மேசைக்கு வந்து பிரைஸைப் பற்றிச் சொன்னார், பிறகு உன் நாட்டுச் சண்டையில் யாரை இழந்தாய் என்று கேட்டார். கனடாவில் அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் தனியே சாப்பிட்டதில்லை.

மூஸ் ஜோவில் விமானப்படைத் தளமும் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரே சீருடைக்காரராக இருக்கலாம். அக்டோபர் கடைசியிலிருந்து முன்னாள் வீரர் சங்கமான லீஜன்காரர், இறந்த வீரர்களை நினைத்துச் சட்டையில் குத்துகிற சிவப்புப் பொப்பிப் பூவோடு நிற்பார்கள். அதற்கு விலை இல்லை, உங்களால் முடிந்ததைப் போடுங்கள், முன்னாள் வீரர்களுக்குப் போகிற காசு. இடப் பக்கம் நெஞ்சில் குத்துங்கள். 11ஆம் திகதி பத்தரைக்கே நினைவு நிகழ்ச்சிக்குப் போய்விடுங்கள், போனை அணைத்து வையுங்கள், முடிந்ததும் யாராவது தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். ரொறன்ரோவுக்கு நத்தார் லீவில் போகலாம்.